சடைக்குள் விரல் விட்ட அக்கா

ஒரு ஹாஸ்டல் முழுவதையும் பயத்தில் கொண்டை போட வைத்த ஒரே பெண்மணி எங்கள் விரல் அக்காதான். நான் பட்டுக்கடை வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நாளில், ஆர்.எஸ்.புரம் ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில்காரர். ஆராய்ச்சி மாணவி.

முதல் நாளே எனக்கு உயிர் போய்விட்டது. மெஸ்ஸில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். பின்னாலிருந்து யாரோ என் சடையைப் பிரித்து, இரண்டு புரியாக முறுக்கி, பள்ளத்தில் மூன்று விரலைச் செருகுகிறார்கள்!

"அசையாதீங்க கண்ணு. இதுதான் டி.என்.ஏ. இந்தப் பள்ளத்துல நான் ஆராயற புரோட்டீனோட வெரலு உக்காந்து, டி.என்.ஏ.ல இருக்கற எழுத்தைத் தடவிப் பாக்கும். சரியான எடம்னா கெட்டியாப் புடிச்சுக்கும். அப்பறந்தான் அந்த ஜீன் வேலை செய்யும்."

"சாம்பார் கொட்டுதுங்க அக்கா!"

"கொட்டட்டுங்க."

வார்டன் அம்மாவின் சடையையும் விடவில்லை. அந்தம்மா "திருடி, திருடி!" என்று அலறியதில் தெருவே கூடிவிட்டது. மறுநாளிலிருந்து எல்லோரும் கொண்டை.

ஒரு திங்கட்கிழமை அக்கா கட்டிலில் உட்கார்ந்து அழுதார்.

"மூணு மாசமா புரோட்டீன் டி.என்.ஏ.வைப் புடிக்கவே மாட்டீங்குதுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள புடிக்கலீன்னா தலைப்பையே மாத்தச் சொல்லிப்போட்டாரு கைடு. மூணு வருச உழைப்புங்க கண்ணு!"

பாவமாக இருந்தது. நானே கொண்டையை அவிழ்த்துக் கொடுத்தேன். விரல் உள்ளே போனதும் சும்மா கேட்டுவைத்தேன்.

"ஏனுங்க அக்கா, புரோட்டீன் நூலாட்டம்னு ஒரு நாள் சொன்னீங்களே, அது எப்படி வெரலாட்டம் நிக்குது?"

"உள்ள துத்தநாகம் இழுத்துப் புடிச்சிருக்குதுங்க. அதை உருவிட்டா தொளதொளன்னு..."

சடையிலிருந்து விரலை வெடுக்கென்று உருவினார்.

"ஐயையோ! நானேதானுங்க உருவிப்போட்டேன்!"

டி.என்.ஏ. கெடாமலிருக்க எல்லாக் கரைசலிலும் ஒரு மருந்து கலப்பது அவர்கள் லேப் வழக்கமாம். துத்தநாகம் மாதிரி உலோகத்தைக் கண்டால் அது கவ்விக்கொள்ளும். மூன்று மாதமாகத் தன் கையாலேயே புரோட்டீனின் விரல்களைக் குலைத்துவிட்டு, பிடிக்கவில்லையே என்று அழுதிருக்கிறார்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு படித்தவர் இப்படியும் செய்வாரா?

என் கொண்டைக் கிளிப்பைக் கையில் பிடித்தபடி, நைட்டியோடு லேபுக்கு ஓடினார்.

வியாழக்கிழமை கடைக்குப் போன் வந்தது. "புடிச்சுப்போட்டுதுங்க கண்ணு!" நான் போட்ட கூச்சலில் சேலை பார்த்துக்கொண்டிருந்த கல்யாண வீட்டார் எழுந்தே நின்றுவிட்டார்கள்.

அப்புறம் அக்காவின் வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு லீவு போட்டுப் போயிருந்தேன். புரோட்டீன் டி.என்.ஏ.வை எப்படிப் பிடிக்கிறது என்று காட்டச் சொன்னார் தேர்வாளர். கம்ப்யூட்டர் திரை சரியாக அந்த நேரத்தில் அணைந்துபோனது. அக்கா கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்.

அன்று நான் கொண்டை போடவில்லை. நேராக மேடைக்குப் போய், முதுகைக் காட்டி நின்றேன்.