சட்டுபுட்டு அக்காவின் பேக்லாக்

"பேக்லாக்னா என்னடி?" செருப்பைக்கூடக் கழற்றாமல் மகளிடம் கேட்டாள் சட்டுபுட்டு அக்கா. அலுவலகத்தில் அவளுக்கு அதுதான் பெயர்.

மகள் அகராதியைப் புரட்டினாள். "செய்யாம தேங்கிக் கிடக்கிற வேலைம்மா."

"ஐயையோ, அது நம்மகிட்ட இல்லையே!"

திங்கட்கிழமை பெரிய அதிகாரி வருகிறார். பேக்லாக் இல்லாத மேஜையை ஆளோடு எடுத்துவிடுவாராம். குடிநீர் இணைப்பு அலுவலகத்தில் ஆறு மேஜைகள். மேஜைக்கு மேஜை பார்க்கும் தெருக்கள்தான் வேறு, வேலை ஒன்றே. ஐந்து மேஜைகளில் மனுக்கள் கழுத்துவரை. அக்கா மேஜையில் ஒரு தண்ணீர் டம்ளர் மட்டும். வந்த மனுவை அன்றைக்கே பார்த்து, மூலையில் பச்சை மையால் கையெழுத்துப் போட்டால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

"வேலையே செய்யாதம்மா. எனக்கு வீட்டுப்பாடம் அப்படித்தான் சேருது."

வியாழனன்று முப்பது மனுக்களை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். மதியம்வரை தாக்குப்பிடித்தாள். பிறகு, 'பாவம், யார் வீட்டில் தண்ணீர் இல்லையோ, பெயரை மட்டும் பார்ப்போம்' என்று திறந்தாள். நாலு மணிக்கு இழுப்பறை காலி.

மறுநாள் பக்கத்து மேஜை மீசைக்காரரிடம் போனாள். "அண்ணே, உங்க பேக்லாக்ல கொஞ்சம் குடுங்களேன்."

"கொஞ்சம் என்னம்மா, அள்ளிக்கோ!"

அள்ளினாள். மாலைக்குள் அதுவும் முடிந்தது. விஷயம் பரவி, ஆளாளுக்குக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். சனிக்கிழமை சாயங்காலம் அலுவலகத்தில் பார்க்காத மனு ஒன்றுகூட இல்லை.

மீசைக்காரர் தலையில் கைவைத்தார். "எங்க மேஜைக்கும் சேத்து வேட்டு வச்சிட்டியேம்மா!"

வேறு வழியில்லை. முடிந்த மனுக்களையே மறுபடி கட்டி, மேலே கொஞ்சம் தூசியும் தூவி, ஆறு மேஜைகளிலும் அடுக்கினார்கள்.

அதிகாரி வந்தார். எந்தக் கட்டையும் பிரிக்கவில்லை. உயரத்தை மட்டும் பார்த்துத் தலையசைத்தார். "அடேயப்பா! ஆறு மேஜையும் இருக்கட்டும்."

அக்காவுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த டிரைவர், சும்மா நிற்காமல் ஒவ்வொரு கட்டிலும் ஓரத்தைப் புரட்டிக்கொண்டே வந்தார்.

"ஐயா, ஆறு மேஜையிலயும் ஒரே பச்சைக் கையெழுத்தா இருக்கே. மத்த அஞ்சு பேரும் எதுக்குங்கய்யா வராங்க?"