இருபத்திரண்டு விதிகளும் ஒரு பிரசவமும்

“அப்படி ஒருத்தங்க இங்க இருக்காங்கன்னும் சொல்ல மாட்டேன் சார், இல்லைன்னும் சொல்ல மாட்டேன்” என்றாள் வரவேற்பு மேசைப் பெண்.

வக்கீல் மேசையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். கார் நிறுத்துமிடத்திலிருந்து ஒரே ஓட்டமாக ஓடி வந்திருந்தார். கறுப்புக் கோட்டு ஒரு தோளில் மட்டும் இருந்தது.

“அம்மா, நான் என்ன உலக ரகசியமா கேட்கிறேன்? என் பொண்டாட்டி. நிறைமாசம். காலையில வலி வந்து இங்கதான் வந்திருக்கா. எந்த ரூம்னு மட்டும் சொல்லிடுங்க.”

“முதலாவது விதி சார். நோயாளி இங்க இருக்காங்களா இல்லையாங்கிறதே அவங்களோட அந்தரங்கம்.”

அவளுக்குப் பின்னால் சுவரில் அந்த விதிகள் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கின. மொத்தம் இருபத்திரண்டு. வக்கீல் அவற்றைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. எழுதியவரே அவர்தான்.

அது ஒரு கதை. போன வருடம் யாரோ ஒருவர் இந்த ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, “எங்க மேனேஜருக்கு என்ன ஆபரேஷன்?” என்று கேட்க, போனை எடுத்தவர் வெள்ளந்தியாக “மூலம்” என்று சொல்லிவிட்டார். மேனேஜர் வேலைக்குத் திரும்பிய அன்று அவருடைய நாற்காலியில் ஒன்பது தலையணைகள் இருந்தன. மேனேஜர் நேராக நீதிமன்றத்துக்குப் போனார். பயந்துபோன ஆஸ்பத்திரி, மருத்துவச் சட்டத்தில் பெரிய ஆள் என்று பெயரெடுத்த நம் வக்கீலைச் சட்ட ஆலோசகராகப் போட்டது. அவரும் மூன்று மாதம் உட்கார்ந்து, ஓட்டை உடைசல் இல்லாமல் இந்த விதிகளை எழுதிக் கொடுத்தார்.

இன்று காலையில்கூட வக்கீல்கள் சங்கத்தில் அதைப் பற்றித்தான் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். ‘மருத்துவத் துறையில் இன்றைய சட்டச் சிக்கல்கள்’ என்பது தலைப்பு. முப்பது வக்கீல்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். “நான் எழுதின விதிகளைத் தாண்டி ஒரு கொசுகூட உள்ளே போக முடியாது” என்று அவர் மார்தட்டிய நேரத்தில்தான் மனைவியிடமிருந்து செய்தி வந்தது.

‘வலி வந்துடுச்சு. அம்மாவோட போறேன். பதறாதீங்க. வகுப்பை முடிச்சிட்டு மெதுவா வாங்க.’

மெதுவாவாவது! சுண்ணக்கட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

பதற்றத்துக்குக் காரணம் பிரசவம் மட்டும் இல்லை. மாமியாரும்தான். ஆறு மாதத்துக்கு முன்பே அந்த அம்மாள் அறிவித்துவிட்டார். “பிள்ளையை முதல்ல கையில வாங்கப்போறது நான்தான், மாப்பிள்ளை.” வக்கீலும் விடவில்லை. “அத்தை, தகப்பன்னு ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்ல?” அன்றிலிருந்து வீட்டில் பனிப்போர். இப்போது மாமியார் உள்ளே, இவர் வெளியே.

“இதோ பாருங்க” என்று கைபேசியைத் திறந்து கல்யாணப் படத்தை நீட்டினார். “மாலையோட நிக்கிறது யாரு? நான்தானே?”

அவள் படத்தை ரசித்துப் பார்த்தாள். “அப்ப ஒல்லியா இருந்திருக்கீங்க சார். ஆனா நாலாவது விதி இருக்கே. பழைய புகைப்படம் இன்றைய உறவுக்குச் சான்றாகாது.”

அந்த வரியை எழுதிய அன்று, என்ன அழகாக வந்திருக்கிறது என்று மனைவிக்கு இரண்டு தடவை படித்துக் காட்டியது வக்கீலுக்கு நினைவுக்கு வந்தது.

“காலைத் தூக்குங்க ஐயா” என்று கீழேயிருந்து ஒரு குரல். தரை துடைக்கும் ஆயா. அவர் காலைத் தூக்கினார். ஆயா துடைத்துவிட்டு நகர்ந்தாள்.

“நான் ஒவ்வொரு செக்கப்புக்கும் கூட வந்திருக்கேன். டாக்டரம்மாவைக் கூப்பிடுங்க. என்னை மறந்திருக்கவே மாட்டாங்க!”

இதில் பொய்யில்லை. கடைசி ஸ்கேனின்போது, “இது இதயத்துடிப்புன்னு உறுதியாச் சொல்றீங்களா? சுத்தி வளைக்காம ஆமா, இல்லைன்னு பதில் சொல்லுங்க” என்று அவர் கேட்ட கேள்வியில் டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, மறுபடி கழற்றினார். எல்லாம் குழந்தை மேல் இருந்த பாசம்தான். மனைவி அன்று வீடு வந்து சேரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

“எந்த டாக்டரம்மா, யாருக்குப் பார்க்கிறாங்கன்னு நான் சொல்லக் கூடாதே சார்” என்றாள் மேசைப் பெண். “அது போகட்டும். நீங்க ஆறாவது விதியை மீறிட்டீங்க.”

“நானா?”

“நிறைமாசம், வலின்னு எல்லாத்தையும் கூடத்துல நின்னு சத்தமாச் சொல்லிட்டீங்க. அங்க உட்கார்ந்திருக்கிற பெரியவருக்குக்கூட இப்பத் தெரிஞ்சுபோச்சு.”

“எனக்குக் காது சரியாக் கேட்காதும்மா” என்றார் மூலையில் இருந்த பெரியவர். “தம்பி, ஆம்பளைப் பிள்ளையா பொம்பளைப் பிள்ளையா?”

“பாத்தீங்களா?” என்று மேசைப் பெண் நான்கு பக்க மீறல் அறிக்கையை எடுத்து நீட்டினாள். “இதை நிரப்பாம மேற்கொண்டு பேச முடியாது சார்.”

வக்கீல் பல்லைக் கடித்துக்கொண்டு நிரப்பினார். பதினேழாவது கேள்வியில் கை நின்றது. ‘இந்த மீறலைத் தடுக்கத் தாங்கள் முன்கூட்டியே என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்?’

“எந்தப் புத்தி கெட்டவன் இப்படியெல்லாம் கேள்வி எழுதினான்!” என்று கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இனி கௌரவம் பார்த்துப் பயனில்லை. கோட்டைச் சரியாக மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். “இங்க பாரும்மா. இந்த விதிகளை எழுதினவனே நான்தான். இந்த ஆஸ்பத்திரியோட சட்ட ஆலோசகர் நான்.”

“அப்ப நீங்க வக்கீலா?” மேசைப் பெண்ணின் முகம் மலர்ந்தது. “முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்! ஒன்பதாவது விதி. வக்கீல் யார் வந்து விசாரிச்சாலும் நாங்க பேசக் கூடாது. சட்ட ஆலோசகருக்குப் போன் போடணும்.”

அவள் எண்களை அழுத்தினாள். வக்கீலின் சட்டைப் பையில் மணி அடித்தது. அவள் நகராமல் காத்திருந்தாள். வேறு வழியில்லாமல் எடுத்தார்.

“வணக்கம் சார்” என்றாள் அவள், இரண்டடி தூரத்திலிருந்து போனில். “இங்க ஒரு வக்கீல் வந்து ரொம்ப நேரமாத் தகராறு பண்றாரு.”

“அவர் நல்ல மனுஷன்தான். உள்ள விட்டுடுங்க” என்றார் வக்கீல்.

“அவர் உங்களுக்குச் சொந்தமா சார்?”

“சொந்தமாவா? நானேதாம்மா அவன்!”

“ஐயோ, அப்ப பன்னிரண்டாவது விதி வந்துடுதே. தன்னைச் சேர்ந்தவங்க விஷயத்துல ஆலோசகர் முடிவு சொல்லக் கூடாது. சம்பந்தமில்லாத மூத்த வக்கீல் ஒருத்தர் எழுத்துல கருத்துத் தரணும்.” போனை வைத்துவிட்டு நேரில் சொன்னாள். “ஆலோசகர் ஒதுங்கிக்கிட்டாரு சார். பாவம், நல்லவராத்தான் தெரியுது.”

வக்கீலுக்கு முழி பிதுங்கியது. மூத்த வக்கீலுக்கு எங்கே போவது? சங்கத் தலைவருக்குப் போன் போட்டார். அவருக்குச் சங்கத்தில் ‘ஆட்சேபணை’ என்று பெயர். டீ கொண்டுவந்து கொடுத்தால்கூட முதலில் ஆட்சேபித்துவிட்டுத்தான் குடிப்பார்.

கால் மணி நேரத்தில் ஆட்சேபணை வந்தார். தனியாக வரவில்லை. பாதியில் நின்ற வகுப்பு மொத்தமும் நோட்டுப் புத்தகத்தோடு கூடவே வந்தது.

“செய்முறை வகுப்பாச்சேய்யா, விடுவாங்களா?” என்றார் ஆட்சேபணை. “எல்லாரும் வட்டமா நில்லுங்க. பிரச்சினை இதுதான். நோயாளியோட அந்தரங்கம் பெருசா, புருஷனோட உரிமை பெருசா?”

“புருஷன்னு இன்னும் நிரூபிக்கலையே” என்றது ஒரு குரல்.

“யோவ், என் கல்யாணத்துக்கு வந்து முன் வரிசையில உட்கார்ந்து சாப்பிட்டவன்யா நீ!”

“சாப்பிட்டது வேற, சாட்சி வேற.”

“தகப்பன்ங்கிற முறையில உள்ள விடலாமே?” என்று ஒரு பெண் வக்கீல் பரிந்து பேசினார்.

“ஆட்சேபணை!” என்றார் ஆட்சேபணை. “குழந்தை பிறந்தாத்தானே தகப்பன்? இந்த நிமிஷம் இவர் வெறும் ஆளு.”

கூடம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. பதினைந்து பேர் வக்கீல் பக்கம், பதினைந்து பேர் ஆஸ்பத்திரிப் பக்கம். காது கேட்காத பெரியவர் இரண்டு பக்கத்துக்கும் கை தட்டினார். ஆயா அறுபது கால்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கச் சொல்லித் துடைத்துக்கொண்டே போனாள். ஆட்சேபணை கருத்தை எழுத உட்கார்ந்து, முதல் வரியை எழுதி, அதையே ஆட்சேபித்து அடித்தார்.

“அண்ணே, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கிறேன். ரெண்டே வரி எழுதுங்க” என்றார் வக்கீல். “நியாயம் எந்தப் பக்கமும் இருக்கட்டும். அவ நல்லா இருக்காளான்னு மட்டும் எனக்குத் தெரியணும்.”

முப்பது பேனாக்களும் நின்றன. மேசைப் பெண்கூடத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த அமைதியில்தான் மாடியிலிருந்து அது கேட்டது. வீறிட்டு ஒரு அழுகை. சின்னத் தொண்டையிலிருந்து எத்தனை பெரிய சத்தம்!

“அது... அது எங்க குழந்தையா?” என்று கேட்டார் வக்கீல்.

மேசைப் பெண் பதில் சொல்லுமுன் அவளுடைய போன் அடித்தது. கேட்டுவிட்டுப் பளிச்சென்று சிரித்தாள். “சார், நீங்க மேல போகலாம். மூணாவது மாடி, இடது பக்கம் ரெண்டாவது அறை.”

“எந்த விதிப்படி?” என்று வழக்கம்போல வாயில் வந்துவிட்டது.

“போங்கய்யா!” என்று முப்பது வக்கீல்களும் ஒரே குரலில் கத்தினார்கள். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து அவர்கள் ஒருமனதாகச் சொன்ன முதல் கருத்து அதுதான்.

மின்தூக்கிக்குக் காத்திராமல் படியேறி ஓடினார். அறை வாசலில் மாமியார் கையைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். வக்கீலுக்குப் பக்கென்றது.

“வாங்கிட்டீங்களா அத்தை?”

“எங்க குடுத்தாங்க! சொந்தப் பாட்டின்னுகூடப் பார்க்காம தள்ளி நிக்கச் சொல்லிட்டாங்க. அப்பாதான் முதல்ல வாங்கணும்னு உங்க பொண்டாட்டி உத்தரவாம். போங்க மாப்பிள்ளை, போய் வாங்கி உடனே என்கிட்டக் குடுங்க.”

உள்ளே மனைவி களைத்துப்போய்ப் படுத்திருந்தாள். ஆனால் சிரித்தாள். டாக்டரம்மா ஒரு துணிப் பொட்டலத்தை அவர் கையில் வைத்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டடி பின்னால் போய் நின்றார்.

“பொண்ணு” என்றாள் மனைவி.

வக்கீல் குனிந்து பார்த்தார். குழந்தை ஒரு கண்ணை மட்டும் திறந்து அவரைச் சந்தேகமாகப் பார்த்தது. அவர் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது. அப்படி ஒரு சந்தோஷம்.

குழந்தையை அணைத்துக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினார். “ரெண்டு மணி நேரம்! என் விதியை வச்சே என்னைக் கட்டிப்போட்டுட்டாங்க, தெரியுமா? உன் பக்கத்துல இருந்து உன் கையைப் பிடிச்சுக்கணும்னு ஓடி வந்தேன். டாக்டரைக்கூட ஒண்ணு ரெண்டு சந்தேகம் கேட்கணும்னு இருந்தேன். நாளைக்கே அந்த இருபத்திரண்டு விதியையும் கிழிச்சுப் போடறேன் பாரு!”

மனைவி சட்டென்று போர்வையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். டாக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பினார். அறையைத் துடைக்க வாளியோடு வந்த ஆயாதான் பதறிப்போனாள்.

“அய்யய்யோ, கிழிச்சிடாதீங்க ஐயா! ‘குழந்தை பிறக்கிற வரைக்கும் ஒவ்வொரு விதியா எடுத்து நீட்டி அவரைக் கீழயே பிடிச்சு வைங்க, இல்லைன்னா டாக்டரைக் குறுக்கு விசாரணை பண்ணியே பிரசவத்தை நிறுத்திடுவாரு’ன்னு உங்க வீட்டம்மா காலையில கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க, இந்தத் தடவை பன்னிரண்டுலயே முடிஞ்சிடுச்சு, மிச்சம் பத்து அடுத்த பிரசவத்துக்கு வேணுமே!”