லண்டன் மேட்டில் இருக்கிறது

ரிங்லெட் தேயிலைத் தோட்டம்,
செவ்வாய்க்கிழமை, 13.3.1979

மதிப்பிற்குரிய மைத்துனர் வீரப்பன் அவர்களுக்கு, உங்கள் தங்கை நவமணியின் கணவன் ரெங்கசாமி வணக்கத்துடன் எழுதுவது. கிள்ளானில் நீங்களும் வீட்டாரும் நலமாயிருக்க முருகன் துணை. இங்கு யாவரும் நலம் என்று எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை.

லண்டனுக்கு நர்ஸ் படிப்புக்குப் போகும் என் மகள் பவளத்தை ஞாயிறு ராத்திரி சுபாங்கில் விமானம் ஏற்றிவிடும் பொறுப்பை ஏற்றுக்கொண்டீர்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆறாயிரத்து ஐந்நூறு மைலு தங்கச்சி, பதினாறு மணி நேரம் ஆகாசத்துலதான்" என்று உங்கள் தங்கையிடம் எதற்குச் சொன்னீர்கள்? அவள் சாமி படத்துக்கு முன்னால் போய், "புள்ள காலு தரையில படற வரைக்கும் என் வாயில சோறு படாது" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அடுப்பு பற்றவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் பதினாறு மணி நேரம் முடிந்தது. அடுப்பு பற்றவைக்கப் போனவளைத் திரிங்காப் காய்கறி லோரி ஓட்டும் மாடசாமி வந்து கெடுத்தான். "மேப்ப பாருங்கண்ணே, லண்டன் மேல இருக்கு லா, சுபாங் கீழ. தாப்பாவுலேருந்து மலை ஏர்றப்ப நம்ம லோரி மூச்சு வாங்கல? ரெண்டு மணி நேரம் கூட வைங்க" என்றான். இவனை அடக்கத் தோட்டத்துச் சின்னத் துரையிடம் போய்க் கேட்டேன். அவரோ, "ஆமாம், போகும்போது எதிர்காற்று, கூடுதல் நேரம்தான், வரும்போது சீக்கிரம்" என்றார். மாடசாமிக்குத் தலைகால் புரியவில்லை. போதாததற்கு லண்டன் கடிகாரம் நமக்கு ஏழரை மணி நேரம் பின்னால் என்றும் துரை சொல்லிவிட்டார். ஏழரை என்றதும் நவமணி முகம் வெளுத்து, அதையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டாள். வழியில் பஹ்ரைனில் எண்ணெய் போட விமானத்தை இறக்குவார்களே, அப்போதே பிள்ளை தரையைத் தொட்டாயிற்று என்று வாதாடிப் பார்த்தேன். "ஏரோப்ளேன் காலுதான பட்டுச்சு? அவ காலு பட்டுச்சா?" என்கிறாள். இப்போது கணக்கெல்லாம் போய், தந்தி வந்தால்தான் சாப்பாடு என்று நிற்கிறாள்.

நான் காப்பிக் கடையில் ரொட்டி வாங்கி, நான் வேலை பார்க்கும் தேயிலை ஸ்டோருக்குப் பின்னால் மறைந்து நின்று தின்கிறேன். அவள் பச்சைத் தண்ணீரோடு கொழுந்து எடுக்கப் போனாள். இன்று காலை மேட்டில் கூடையோடு சாய்ந்துவிட்டாள். கங்காணி தாங்கிப் பிடித்து வீட்டுக்கு அனுப்பினார். எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சான். விமானம் போகிற தூரத்தைச் சோற்றுப் பானையோடு முடிச்சுப் போடும் இந்த முட்டாள்தனத்தை நீங்களாவது கண்டித்து எழுதுங்கள்.

பெரியவர்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
ரெங்கசாமி

பி.கு.: ஆபீசில் நேற்றே வந்து கிடந்த உங்கள் தந்தியை இப்போதுதான் கொடுத்தார்கள். விமானம் பழுதாகி, ஞாயிறன்று கிளம்பவே இல்லையாமே! இன்று இரவுதான் புறப்படுகிறதாமே! பிள்ளை இரண்டு நாளாக உங்கள் வீட்டில் நண்டுக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பாள். நவமணி படுத்தபடியே, "எறங்கிட்டாளா?" என்றாள். "எறங்கிட்டா" என்றேன். எழுந்து சோறாக்கி இரண்டு தட்டு சாப்பிட்டுத் தூங்குகிறாள். எனக்கும் போட்டு வைத்தாள். வயிறு சரியில்லை என்று மூடி வைத்துவிட்டேன். சாமியிடம் சொன்ன சொல்லை யாராவது ஒருவர் காப்பாற்ற வேண்டுமே. பதினாறோடு மாடசாமியின் இரண்டையும் அந்த ஏழரையையும் நானும் கூட்டித்தான் வைத்திருக்கிறேன். கடிதத்தைக் கிள்ளானுக்கு வரும் அவன் லோரியிலேயே கொடுத்தனுப்புகிறேன். பவளம் இறங்கிய செய்தி வந்ததும் வீட்டுக்கு வேண்டாம், ஸ்டோருக்கு, என் பெயருக்குத் தந்தி அடியுங்கள். சீக்கிரம் அடியுங்கள், மச்சான். எனக்கு அவளைப் போல் பசி தாங்காது.