பி.டி.எஃப்-ஐ விட்டு இறங்கிய லிஃப்ட் மெக்கானிக்

முப்பத்தோராவது ஆளும் திட்டியதும் லிஃப்ட் மெக்கானிக் ஆடிப்போனார். எல்லோரும் ஒரே பல்லவி. உங்கள் கதையை ஃபோனில் திறந்தால் எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது, பெரிதாக்கினால் பாதி வரி திரைக்கு வெளியே ஓடுகிறது, பி.டி.எஃப் வேண்டாம், ஈபப் என்கிற மின்னூலாகப் போடுங்கள். ஒருவர் மட்டும் நயமாக, இலவசமாகக் கொடுப்பதைப் படிக்கிற மாதிரியும் கொடுக்கலாமே என்று எழுதியிருந்தார். அதுதான் ரொம்ப எரிந்தது.

எரிச்சலை வீட்டில் காட்ட முடியாது. டி.வி.யில் ஒரு நர்ஸ் துப்பறிகிற தொடர் வருகிறது. மனைவி ஒரு நாள் விடாமல் பார்ப்பாள். இவர் ஆறு வருஷமாகப் பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்து, இதையெல்லாம் மனுஷன் பார்ப்பானா என்று கேட்டுக்கொண்டே முழுசையும் காதால் பார்த்துவிடுவார். அப்புறம் அந்த நர்ஸை வைத்துத் தானே கதை கட்டி, ஆபீஸ் கம்ப்யூட்டரில் அடித்து, பெயர் போடாமல், ரசிகர்கள் கூடுகிற தளத்தில் சும்மா ஏற்றிவிடுவார். பதினாலு கதை ஆகிவிட்டது. வெளியே தெரிந்தால் வீட்டில் அவருக்கு மிச்சமிருக்கிற கௌரவமும் காலி.

ஆனால் ஈபப் செய்யத் தெரிந்த ஒரே ஆள் மனைவிதான். அச்சகத்தில் பக்கம் அமைக்கிறாள். வீட்டில் இருக்கிற கம்ப்யூட்டரே அவளுடையது.

துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் போய், கூட வேலை செய்கிற ஒருத்தன் ஏதோ கிறுக்குகிறான், பாவம், என்று ஆரம்பித்துப் பென்டிரைவை நீட்டினார். அவள் துண்டை உதறிக்கொண்டே விளக்கினாள். பி.டி.எஃப் ஃப்ரேம் போட்ட படம், சின்னச் சுவரில் மாட்டினால் இடிக்கும். ஈபப்பில் எழுத்து திரைக்குத் தகுந்தபடி தானே மடங்கிக்கொள்ளும். தாளில் எடுத்துப் படிப்பவர்களுக்கு மட்டும் பி.டி.எஃப் இருந்துவிட்டுப் போகட்டும், ரெண்டையும் போடச் சொல்லுங்கள் என்றாள். ஈபப்பை எவனும் பிரித்து மாற்றிவிடலாமே என்று இவர் இழுத்தார். சும்மா கொடுக்கிற பொருளுக்குப் பூட்டு எதற்கு என்று கேட்டுவிட்டு அவள் வேலையில் உட்கார்ந்தாள்.

ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டாள்.

"என்னங்க, உங்க ஃப்ரெண்டும் லிஃப்ட் மெக்கானிக்கா?"

"ஏன் கேக்கற?"

"பதினாலு கதையிலயும் பொணம் லிஃப்டுலதான் கெடக்குது. பிரேக் கட்டை தேஞ்சதை நர்ஸம்மா மோந்து பாத்தே கண்டுபிடிக்கறாங்க."

"வேலை அப்படி. அவனுக்கு மனசுல அதேதான் ஓடும்."

"ஓடட்டும். நல்லாத்தான் எழுதறாரு."

அந்தக் கடைசி வாக்கியத்தில் மனுஷர் மிதந்தார். மிதக்கிறவர் எதையும் திறந்து பார்ப்பாரா? பதினாலு ஈபப்பையும் அப்படியே ஏற்றிவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் தளத்தைத் திறந்தார். இருநூறு பாராட்டு. முதல் பாராட்டே, "அக்கா, இப்பத்தான் ஃபோன்ல நிம்மதியா படிச்சேன்". அடுத்தது, ஒரு பெண்ணால்தான் நர்ஸம்மாவை இவ்வளவு புரிந்துகொள்ள முடியும், ஆணால் ஜென்மத்துக்கும் முடியாது. கீழே வரிசையாக அக்கா, அக்கா, அக்கா. தொடரை விடாமல் பார்க்கிறவளுக்குத் தளத்தைக் கண்டுபிடிக்கவா தெரியாது, ஒவ்வொரு அக்காவுக்கும் அவர் மனைவி தன் பெயரிலேயே கணக்குத் திறந்து நன்றி சொல்லியிருந்தாள். அடுத்த கதை மாசக் கடைசியில் வரும் என்று வாக்கும் கொடுத்திருந்தாள்.

ஈபப்பைத் திறந்தார். தலைப்புக்குக் கீழே, எழுதியவர் என்ற இடத்தில் மனைவியின் முழுப்பெயர்.

"உன் பேரு எப்படி வந்துச்சு?"

"கட்டம் காலியா இருந்துச்சு. மெஷின் யார் பேர்ல இருக்கோ அந்தப் பேரு தானா ஒக்காந்துக்கும்."

"நீ பாக்கலையா?"

"பாத்தேன். உங்க ஃப்ரெண்டுக்குத்தான் பேர் வேண்டாமே."

அது அநியாயம், அவன் ராப்பகலா கஷ்டப்பட்டு எழுதினது என்று இவர் குதித்தார். அவளும் ஒத்துக்கொண்டாள். அநியாயம்தான், இப்பவே சரி பண்ணிடலாம் என்று எழுந்து நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டாள்.

"ஒரே ஒரு வரி அடிங்க. இதெல்லாம் எழுதினது நான் இல்ல, என் வீட்டுக்காரருன்னு. என் கணக்குலயே போட்டுடறேன்."

டி.வி.யில் தொடர் ஆரம்பிக்கிற இசை கேட்டது. அவள் போய்விட்டாள். ஒரு வரிதான். அவர் அரை மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். அடிக்கவில்லை.