வீட்டுக்காரம்மாவுக்கு வாடகை

அந்த மாதத்தின் முதல் நாள் காலை, வாயில் பிரஷ்ஷும் நுரையுமாக நின்றபடியே கண்ணாடிக்காரர் ஒரு சபதம் எடுத்தார். இனிமேல் காரின் கடனைக் காரே அடைத்துக்கொள்ளும்.

கண்ணாடிக்காரர் என்பது தெருவில் அவருக்கு இருந்த பெயர். கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். வருகிறவர்களை உயரமான நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு கண்ணை மறைத்து, லென்ஸ் சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டதிலேயே அவருடைய பாதி ஆயுள் போயிருந்தது.

அவர் மனைவி பிசியோதெரபிஸ்ட். முட்டி ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டவர்கள் என்று வீடு வீடாகப் போய் அவர்களை மறுபடி நடக்க வைப்பது அவள் வேலை. ரப்பர் பட்டைகள், ஒரு சின்ன மின்கருவி, துண்டுகள் எல்லாம் அடைத்த கனமான பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் பஸ்ஸில் போவாள். கார் வாசலில் நிற்கும்.

காருக்கு வேறு வேலை இல்லை. அவருடைய கடை நடக்கிற தூரம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் காரைக் கழுவுவார். கடையில் கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணியால் முகப்பு விளக்குகளைத் துடைப்பார். பிறகு உறை போட்டு மூடிவிடுவார்.

"நான் ஓட்டக் கத்துக்கறேங்க" என்று அவள் ஒரு தரம் கேட்டாள்.

"கத்துக்கலாம், கத்துக்கலாம். முதல்ல கடன் அடையட்டும்."

அவள் அதற்குமேல் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் விஷயம் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வது அவருடைய நெடுநாள் வழக்கம்.

அவருடைய சபதத்துக்கு வழி சொன்னவர் பக்கத்து வீட்டு மாடியில் குடியிருந்த ட்யூஷன் மாஸ்டர். கிரெடிட் கார்டில் செலவு செய்தால் அதில் ஒரு பங்கு திரும்பி வருகிறதாம். கேஷ்பேக்.

"அப்ப கார் தவணைய கார்டுலயே கட்டிடலாமே?" என்றார் கண்ணாடிக்காரர்.

"தவணைக்குக் கார்டு வாங்க மாட்டாங்க சார். ஆனா வீட்டு வாடகை கட்டறதுக்கு ஆப் இருக்கு. கார்டுல கட்டினா பணம் வீட்டு ஓனர் அக்கவுண்ட்டுக்குப் போயிடும். உங்க ஓனர் கொஞ்சம் நல்லவரா இருந்து, அந்தப் பணத்த அப்படியே தவணைக்குத் திருப்பிவிட்டார்னா…"

கண்ணாடிக்காரருக்கு உடம்பு புல்லரித்தது. அந்த வீடு மனைவியின் பெயரில் இருந்தது. அவளுடைய பெரியம்மா எழுதிவைத்தது.

நேராகச் சமையலறைக்குப் போனார்.

"இனிமே மாசாமாசம் உனக்கு நான் வாடகை குடுக்கப் போறேன்."

வெங்காயம் அரிந்துகொண்டிருந்த கை நின்றது. "எதுக்கு?"

"நீதானே வீட்டுக்காரி?"

"அது கல்யாணமான நாள்லேர்ந்து."

"அந்த வீட்டுக்காரி இல்ல. வீட்டுக்காரம்மா! ஓனர்!"

விளக்கினார். கார்டிலிருந்து பணம் அவளுக்குப் போகும். அவள் அக்கவுண்ட்டிலிருந்து கார் கடனுக்குப் போகும். கார்டு பில்லை அவர் கடை வருமானத்தில் கட்டுவார். நடுவில் கேஷ்பேக் கொட்டும்.

"அப்ப கடைசியில கட்டறது நீங்கதானே?"

"நான்தான். ஆனா அதே பணம் ஊரைச் சுத்திட்டு வரும்போது கையில ஒரு பொட்டலத்தோட வருது பாரு, அங்கதான் இருக்கு சூட்சுமம்!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயமா, வேறா என்று தெரியவில்லை.

"சரிங்க. பொட்டலத்துல எனக்குப் பாதி."

"உனக்கா?"

"வீட்டுக்காரம்மா இல்லாம வாடகை ஏது?"

பெருந்தன்மையோடு சம்மதித்தார்.

முதல் மாதம் வாடகை போனது, தவணை போனது, கார்டு பில்லும் வந்தது. கேஷ்பேக் மட்டும் வரவில்லை. கடையில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டார். தேன் தடவிய குரலில் ஒரு பெண் சொன்னாள்.

"வாடகைக்குக் கேஷ்பேக் கிடையாது சார்."

"எங்க போட்டிருக்கு?"

"நிபந்தனைகள்ல கடைசி வரியில இருக்கு சார்."

எதிர்ச் சுவரில் பெரிய எழுத்தில் தொடங்கிப் பொடி எழுத்தில் முடிகிற அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கடைசி வரியைப் படிக்கச் சொல்லி ஊரையே வாட்டியெடுத்தவர், கார்டின் கடைசி வரியைப் படிக்கவில்லை. போதாததற்கு, வாடகை ஆப் சேவைக் கட்டணம் என்று வேறு கொஞ்சம் கிள்ளியிருந்தது. காசைச் சுற்றுலா அனுப்பி, டிக்கெட்டும் அவரே எடுத்த கதையாகிவிட்டது.

வீட்டுக்குப் போனதும் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினார். வாசலிலேயே அவள் கேட்டாள்.

"என்னங்க, வந்துச்சா?"

அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அவரிடமிருந்து ஏதோ நல்ல சேதி எதிர்பார்க்கிற வெளிச்சம். அதைப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று அவருக்கு நினைவில்லை.

"வராம? கொட்டுது!" என்றார். சட்டைப்பையிலிருந்து எடுத்து அவள் பங்கைக் கொடுத்தார்.

"பரவாயில்லையே. உங்க மூளையே மூளைதான்."

அவ்வளவுதான், மனிதர் விழுந்துவிட்டார். அன்று இரவு சாப்பாட்டில் உப்பு இல்லாததுகூட அவருக்குத் தெரியவில்லை. வயதாக ஆக மனிதனுக்கு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்துவிடுகிறது. பாராட்டு மட்டும் குறைந்துகொண்டே வருகிறது. கடையில் வருகிறவர்கள் தெளிவாகத் தெரிந்தால் கண்ணாடியைப் புகழ்வார்கள், தெரியாவிட்டால் அவரைத் திட்டுவார்கள். வீட்டில் புகழும்படி அவரும் எதுவும் செய்ததாக ஞாபகமில்லை. அந்த ஒரு வாக்கியத்தை அடுத்த மாதமும் கேட்கவேண்டும் போலிருந்தது.

கேட்டார். அதற்கடுத்த மாதமும் கேட்டார். அதற்காக மாலை டீயை நிறுத்தினார். செருப்பு வாங்குவதைத் தள்ளிப்போட்டு, பழசுக்கே அடியில் தோல் வைத்துத் தைத்துக்கொண்டார். அந்தப் பணத்தை அவள் என்ன செய்கிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை.

இப்படியே மாதங்கள் ஓடின. ஒருநாள் காலை வாசலுக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். காரின் உறை அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. காரைக் காணவில்லை.

"ஐயையோ, திருடன்! மாஸ்டர்! திருடன்!"

மாஸ்டர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். "உறைய மடிச்சு வெச்சுட்டுப் போற திருடனா சார்?"

அதற்குள் தெருமுனையில் கார் திரும்பியது. ஓட்டிக்கொண்டு வந்தது அவர் மனைவி. விளக்குக் கம்பத்துக்கும் மாஸ்டரின் ஸ்கூட்டருக்கும் நடுவே இருந்த சந்தில் பின்பக்கமாகவே வந்து, ஒரே மடக்கில் நிறுத்தினாள். கண்ணாடிக்காரர் அந்தச் சந்தில் நிறுத்துவதென்றால் பாதித் தெரு வந்து "வரலாம் வரலாம்" சொல்லவேண்டும்.

"யாரைக் கேட்டு எடுத்த?"

"பெட்ரோல் போட்டுட்டு வந்தேன். யாரைக் கேக்கணும்?"

"என் கார்!"

"தவணை கட்டறது யாரு?"

"நான்!"

"நீங்க கட்டறது வாடகைங்க. ஆப்புல நீங்களே அப்படித்தானே போட்டிருக்கீங்க? தவணை என் அக்கவுண்ட்லேர்ந்துதான் போகுது."

கண்ணாடிக்காரர் ஆதரவு தேடி மாடியைப் பார்த்தார்.

"நியாயமாப் பாத்தா அம்மா சொல்றது சரிதான் சார்" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"சரி, உனக்கு ஓட்டத் தெரியாதே!"

அவள் லைசென்ஸை எடுத்து நீட்டினாள். போட்டோவில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப கத்துக்கிட்ட? யார் காசுல?"

"கேஷ்பேக்லதான். ரெண்டு பேஷண்டுக்கு நடுவுல டைம் கிடைக்கும், போய் கத்துக்கிட்டேன்."

கண்ணாடிக்காரர் லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்படி ஒன்று வரவே இல்லை என்று சொல்லவும் முடியவில்லை, சொல்லாமலிருக்கவும் முடியவில்லை.

"ஏறுங்க. போற வழியில கடையில இறக்கி விடறேன்."

அவர் ஏறிக்கொண்டார். இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தார். அவள் பாட்டுக்கு ஓட்டினாள். குறுக்கே வந்த சைக்கிளுக்காக நின்றாள், பிறகு போனாள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அவள் தோளில் பைப்பட்டை அழுத்திக் கறுத்த தழும்பு தெரிந்தது. எத்தனை வருஷத்துத் தழும்பு அது? பையோ பழசு, தோளும் புதிதல்ல. இன்றைக்குத்தான் அது அவர் கண்ணில் பட்டது. கடைவீதி வந்தது. இறங்குகிறேன் என்று அவர் சொல்லவில்லை. அவளும் நிறுத்தவில்லை.

"ஒண்ணு சொல்லணும்" என்றார்.

"சொல்லுங்க."

"கேஷ்பேக் வரவே இல்ல. ஒரு மாசம்கூட."

"தெரியும்."

"தெரியுமா! எப்பலேர்ந்து?"

"முதல் மாசத்துலேர்ந்து. கேஷ்பேக் கார்டு பில்லுல கழிச்சுக்கறதுங்க. நீங்க கசங்கின நோட்டா எடுத்துக் குடுத்தீங்க."

"தெரிஞ்சும் ஏன் வாங்கிக்கிட்ட?"

"கத்துக்கறேன்னு கேட்டப்ப குடுக்கல. மூளைக்காரர்னு சொன்னப்ப குடுத்தீங்க."

கார் ஒரு முனை திரும்பியது. பிறகு அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அப்ப மூளைன்னு சொன்னது… எல்லாம் சும்மாவா?"

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். "டீயை நிறுத்திட்டு எனக்குக் குடுத்தீங்களே, அது தெரிஞ்சப்புறம் சொன்னது சும்மா இல்லங்க. மூளைக்குச் சொல்லல, அவ்வளவுதான்."

அவருக்குக் கண் கலங்கியது. தெளிவாகத் தெரிகிறதா என்று யாராவது அப்போது கேட்டிருந்தால், சில்லு எதுவும் போடாமலே ஆமாம் என்றிருப்பார்.

கார் ஒரு வீட்டின் முன் நின்றது. முட்டி ஆபரேஷன் ஆன பெரியவர் ஒருவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கேட்டருகே காத்திருந்தார். கண்ணாடிக்காரர் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார். வழியெல்லாம் மிதித்து மிதித்து அது மரத்துப்போயிருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு, நடுங்கி நடுங்கி இன்னொரு காலையும் எடுத்து வைத்தார்.

பெரியவர் அனுதாபத்தோடு பார்த்தார். "இவருக்கு என்னம்மா? என்னை மாதிரி முட்டியா?"

அவள் பையை எடுத்துக் கணவர் தோளில் மாட்டிவிட்டுச் சொன்னாள்:

"இல்லங்கய்யா. இப்பதான் மெதுவா இறங்கி வர ஆரம்பிச்சிருக்கார்."