இண்டோர் என்றால் உள்ளே என்று யார் சொன்னது?

சிகாகோ,
ஆகஸ்ட் 16, 1911

மாலைப் பத்திரிகையின் ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் ஒன்பது பேரும் நலமாக இல்லை. அதற்குத் தங்கள் பத்திரிகைதான் காரணம்.

திங்கட்கிழமை இதழில், விளையாட்டுப் பக்கத்தின் கீழ் மூலையில், 'தொப்பிப் பெட்டிக் கம்பெனிப் பெண்கள் இண்டோர் பேஸ்பால் ஆட்டத்துக்கு வரவே இல்லை. மிட்டாய்க் கம்பெனிப் பெண்களுக்கு 9-0 வெற்றி' என்று போட்டிருந்தீர்கள். அது போதாதென்று செவ்வாய்க்கிழமை 'சொல்லும் பொருளும்' பகுதியில், 'இண்டோர் பேஸ்பால்: நான்கு சுவருக்குள், கூரைக்குக் கீழே ஆடப்படுவது' என்று ஒரு விளக்கமும் எழுதினீர்கள். ஐயா, நாங்கள் வந்தோம். சனிக்கிழமை இரண்டரை மணிக்கே பூங்காப் புல்வெளிக்கு வந்து, ஓடித் தொட வேண்டிய இடங்களுக்கு அடையாளமாக மணல் அடைத்த மாவுச்சாக்குகளை நான்கு மூலையிலும் போட்டுவிட்டு, மூன்று மணி ஆட்டத்துக்கு நாலே கால் வரை வெயிலில் நின்றோம். எதிரணியும் இல்லை, நடுவரும் இல்லை. இருநூறு அடி தள்ளி இருக்கும் பூங்கா மண்டபத்தில் விசில் சத்தம் கேட்டது. எங்கள் கேப்டன் லிபுஷே சிரித்தாள். "இந்த வெயில்ல கதவச் சாத்திக்கிட்டு உள்ள யாரோ குதிக்கிறாளுங்க பாருங்கடி. பைத்தியங்க!"

அந்தப் பைத்தியங்கள்தான் எங்கள் எதிரணி. நாலே காலுக்குக் கதவு திறந்தது. வேகவைத்த கிழங்கு மாதிரி சிவந்துபோய் மிட்டாய்க் கம்பெனிக்காரிகள் வெளியே வந்தார்கள். அவர்களுடைய கேப்டன் மே கொனெல்லி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எங்கடி ஒளிஞ்சிருந்தீங்க? பயமா?" என்றாள்.

"ஒளியிறதா? ரெண்டு மணி நேரமா நட்டுவெச்ச கம்பம் மாதிரி இங்கதான்டி நிக்கிறோம்!" என்றாள் லிபுஷே.

"ஆட்டம் உள்ளடி. இண்டோர்னா உள்ளதானே?"

"போன வாரம் நீ இண்டோர் ஆடுனது எங்க? இதே புல்லுலதானே? வாத்து எச்சத்துல வழுக்கி விழுந்தியே, அதுவும் உள்ளயா?"

அப்போது நடுவரும் போட்டிக் கமிட்டியின் காரியதரிசியுமான டாரன்ட் வந்தார். கழுத்துப் பட்டியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "நான் என்னம்மா பண்றது? இந்த ஆட்டத்துக்கான அட்டையில 'இடம்: இண்டோர்'னு எழுதியிருக்கு. அதான் மண்டபத்தத் தொறந்தேன். கால் மணி பாத்தேன், நீங்க வரல, வராத அணிக்கு 9-0 தோல்விங்கிறது விதி, எழுதிட்டேன். வெயில் கொஞ்சம் தணியட்டும்னு அதுக்கப்புறமும் உள்ளயே உக்காந்துட்டோம்" என்றார். எனக்கு அவரிடம் சொல்ல நூறு வார்த்தை இருந்தது. ஆனால் அந்நியர் முன்னால் எனக்கு வாய் திறக்காது. மாவுச்சாக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நூறு வார்த்தையும் இப்போது தங்களுக்கு.

ஐயா, இண்டோர் என்பது இடத்தின் பெயர் அல்ல, ஆட்டத்தின் பெயர். முட்டைக்கோஸ் அளவுக்குப் பெரிய, மெத்தென்ற பந்து. கையுறை கிடையாது. கையைத் தாழ்த்தித்தான் வீச வேண்டும். ஏதோ ஒரு பனிக்காலத்தில், வெளியே போக முடியாத படகுக் கிளப் பையன்கள், குத்துச்சண்டைக் கையுறையைச் சுருட்டிக் கட்டி, துடைப்பக் கட்டையால் அடித்து ஆரம்பித்தார்களாம். அப்போது அது உள்ளே இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். பிறகு கோடை வந்தது, ஆட்டம் வாசலைத் தாண்டி வெளியே வந்தது, பெயரும் கூடவே வந்தது. என் குளிர்காலக் கோட்டு ஆகஸ்டில் அலமாரியில் தொங்கும்போதும் குளிர்காலக் கோட்டுதான். அவ்வளவு ஏன், தங்கள் மாலைப் பத்திரிகை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கே எங்கள் கம்பெனி வாசலுக்கு வந்துவிடுகிறது. சாயங்காலம் ஆகட்டும் என்று யாராவது பிரிக்காமல் வைத்திருக்கிறோமா?

ஆடித் தோற்றிருந்தால் அழுதிருப்போம். நின்றே தோற்றதால் அழுகைகூட வரவில்லை. இந்த ஆட்டத்தில் ஜெயித்தால் செப்டம்பர் முதல் திங்கட்கிழமை, தொழிலாளர் தினத்தன்று இறுதி ஆட்டம். அதற்கு அடுத்த வாரம் லிபுஷேவுக்குக் கல்யாணம், நெப்ராஸ்காவில் ஒரு பண்ணைக்குப் போய்விடுகிறாள். அங்கே சோளம் உண்டு, பன்றி உண்டு, ஒன்பது பெண்கள் கிடையாது. இறுதி ஆட்டம் ஆடாமல் அவள் போகக் கூடாது. இங்கேயோ மேஸ்திரி க்ராட்கி தங்கள் செய்தியை வெட்டி என் பசைச் சட்டியில் ஒட்டிவிட்டு, நேற்றும் இன்றும் காலையில், "என்னம்மா, இன்னிக்கு வேலை உள்ளயா, வெளியயா?" என்று கேட்டார்.

கமிட்டியில் உட்கார்ந்துகொண்டு 'இடம்' என்ற சொல்லுக்கு நேரே 'இண்டோர்' என்று எழுதிய அந்த மேதை யாரென்று எனக்குத் தெரியாது. வாழ்நாளில் ஒரு பந்தைக்கூடத் தொட்டிருக்க மாட்டார். கண்ணும் கிடையாது, மூளையும் கிடையாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கே இடத்துக்கும் ஆட்டத்துக்கும் வித்தியாசம் தெரிகிறது. என் கையெழுத்து அழகு என்று எங்கள் அணிக்கு எல்லாக் காகிதமும் நான்தான் எழுதுகிறேன். அப்படி ஒரு பிழையை நான் எழுதியிருந்தால் மிச்சிகன் ஏரியில் குதித்திருப்பேன்.

ஆகவே, நாங்கள் வந்தோம் என்றும், கமிட்டிதான் தவறு செய்தது என்றும், இண்டோர் வெளியேதான் என்றும் கொட்டை எழுத்தில் போடவும். என் பெயரைப் போட வேண்டாம், கூச்சமாக இருக்கிறது. 'பெட்டிக் கம்பெனிப் பெண் ஒருத்தி' என்றால் போதும்.

தங்கள் அச்சகத்தில் எல்லாரும் நீடூழி வாழட்டும். அந்த விளக்கத்தை எழுதியவர் மட்டும் ஆகஸ்ட் முடியும்வரை ஜன்னல் சாத்திய மண்டபத்துக்குள் வாழட்டும்.

இப்படிக்கு,
ரூஷெனா ஹவ்லிசெக்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது லிபுஷே ஓடி வந்தாள். "இந்தாடி, டாரன்ட்கிட்ட சண்ட போட்டு அந்த அட்டையவே புடுங்கிட்டேன். ஆதாரத்துக்கு உள்ள வை. தப்பா எழுதுனது யாருன்னு பேப்பர்ல ஒப்புக்கிட்டா திரும்ப ஆடலாங்கிறாரு, அந்த மே கொனெல்லியும் சரின்னுட்டா" என்று கொடுத்துவிட்டு, அட்டையைப் பார்க்காமலே ஓடிவிட்டாள். பார்த்தேன். மூலையில் பசை விரல் அடையாளம். 'இண்டோர்' என்ற எழுத்து அவ்வளவு அழகு. தொப்பிப் பெட்டிகளின் மேல் நான் எழுதுவது மாதிரியே இருந்தது. அவரவர் நடத்தும் ஆட்டத்துக்கான விவரத்தை நிரப்பித் தரச் சொல்லி, ஜூன் மாதம் கமிட்டி எல்லா அணிகளுக்கும் அனுப்பிய அட்டை அது. ஆட்டத்தின் பெயரை எங்கேயும் கேட்கவில்லையே, பாவம், மறந்துவிட்டார்கள் என்று, 'இடம்' என்பதற்கு நேரே காலியாக இருந்த கோட்டில் நானே 'இண்டோர்' என்று எழுதியிருக்கிறேன்.

கமிட்டியைத் திட்டியதை எல்லாம் அப்படியே விட்டுவிடுங்கள், அது இப்போது எனக்கு. லிபுஷே முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை இதழில் என் முழுப் பெயரோடு போடுங்கள். பன்னிரண்டு மணிக்கு அவள் படிப்பாள். அப்போது நான் பெட்டிக் கிடங்கில் இருப்பேன். குதிக்கலாம் என்றால் ஏரி கொஞ்சம் தூரம், தவிர எங்கள் அணியில் பந்து வீசுகிறவள் நான்தான்.

சனிக்கிழமை மூன்று மணி என்பதையும் போடவும். இடம்: வெளியே.