மூட்டை இல்லாமல் நிற்கத் தெரியாதவர்

சும்மா நிற்பதற்குக் கள்ளக்குறிச்சியில் ஆள் தேடிய ஒரே இடம் எங்கள் சிற்ப வகுப்புதான். அந்த வேலையில் முதல் நாளே தோற்றுப்போன ஒரே மனிதர் லோடு அண்ணன்.

அவர் பெயரை யாரும் கேட்டதில்லை. கருணாபுரத்துக்காரர். முப்பது வருடம் லாரியிலிருந்து நெல் மூட்டை இறக்கியவர். நான் கட்டட வரைபடம் போடுகிறவள். ஞாயிறுதோறும் கச்சிராயபாளையம் சாலையில் ஒரு தகரக் கொட்டகைக்குப் போய், ஆளை நேரில் பார்த்து மண்ணில் உருவம் செய்யக் கற்றுக்கொண்டிருந்தேன். மாடலாக நிற்க யாரும் கிடைக்காததால், எங்களைவிட நாலு வயதே மூத்த மாஸ்டர் இவரைக் கூட்டி வந்தார்.

பலகைமேல் ஏற்றி, "இயல்பா நில்லுங்கண்ணே" என்றார்.

அண்ணன் கையை முன்னால் கட்டினார். பின்னால் கட்டினார். இரண்டு நிமிடத்தில் வியர்த்துக் கொட்டியது.

"இன்னா சார் இது, கைய எங்க வெக்கிறதுன்னே தெர்ல. ஒரு மூட்டை குடுங்க, தானா நிப்பேன்."

களிமண் சாக்கு ஒன்றை முதுகில் ஏற்றினோம். அவ்வளவுதான், ஆள் கல்லாகிவிட்டார். ஒரு நாள் ஆடு ஒன்று உள்ளே வந்து அவர் துண்டைத் தின்றது. உதடு அசையாமல் சொன்னார்: "யாராச்சும் வெரட்டுங்க. நான் வேலையில கீறேன்."

இடைவேளையில் முழங்காலில் கை ஊன்றி, ஒவ்வொருவர் உருவத்தையும் குனிந்து பார்ப்பார். "இவன் மூட்டை தூக்கினவன் மாதிரி இல்லியே. மூட்டைய வித்தவன் மாதிரி கீறான்."

நான் காலிப்பர் என்ற கவைக்கருவி வைத்து அளந்து செய்கிறவள். அவர் வலது தோள் இடதைவிட இரண்டு விரல்கடை இறங்கியிருந்தது. மூன்று முறை அளந்தேன். பிழை என்னுடையதுதான் என்று முடிவு செய்து, இரண்டுக்கும் சராசரி எடுத்து, தோள்களை ஒரே மட்டத்தில் வைத்தேன். என் உருவம்தான் அழகு என்று எல்லோரும் சொன்னார்கள். சூளையில் சுட்டும் வைத்தோம்.

அதற்குள் அந்தத் தோள் வேலைக்கு ஆகாமல் போய்விட்டது. சுமை தூக்கும் தொழிலாளி என்று ஓர் அட்டை வாங்கினால் உதவி கிடைக்கும். அதற்கு, இவர் மூட்டை தூக்கியவர்தான் என்று வேலை கொடுத்த மேஸ்திரி எழுதித் தர வேண்டும். மேஸ்திரி செத்து ஆறு வருடம்.

ஒரு ஞாயிறு அண்ணன் என் உருவத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். காணாமல் போனதே எனக்குத் தெரியாது.

"கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கிற நாள்ல இத எட்த்துக்கினு போனம்மா. எழுத்து இன்னா எழுத்து, உருவமே கீது, மூட்டை தூக்கித் தூக்கி தோளு எறங்கினத பாருங்க சார்னு மேசமேல வெச்சேன். ஆபீசரு திருப்பித் திருப்பிப் பாத்தாரு. ரெண்டு தோளும் சரியாத்தானேய்யா இருக்குன்னாரு."

"உங்க தோளக் காட்டலியாண்ணே?"

"சட்டையக் கயட்டறதுக்குள்ள அடுத்த ஆளு வந்துட்டான்."

உருவத்தை வாங்கி அந்தச் சரியான தோள்களில் விரலை ஓட்டினேன்.

"விடும்மா. ஒனக்கு எம்மேல மரியாத ஜாஸ்தி. அதான் நேராக்கிட்ட."

அன்றே புது உருவம் தொடங்கினேன். வலி தெரியாமல் நிற்கட்டும் என்று சாக்கில் வைக்கோல் அடைத்தோம். முதுகில் ஏற்றியதும் கண்டுபிடித்துவிட்டார். "இது பொய் மூட்டை. பொய்யா நின்னா பொய்யாத்தான் வரும்." கெஞ்சிக் கூத்தாடி, பாதி மண், பாதி வைக்கோலுக்குச் சம்மதிக்க வைத்தோம். இந்த முறை அளந்ததை அளந்தபடியே செய்தேன். இரண்டு விரல்கடை.

நாலாவது ஞாயிறு அவர் வரவில்லை. அவர் மனைவி வந்தார். வியாழக்கிழமை நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். ஆடு தின்றது போக மிச்சமிருந்த துண்டு இங்கேயே கிடந்தது. அதை எடுத்துப்போக வந்திருந்தார்.

ஈரத்துணியை விலக்கிக் காட்டினேன். இன்னும் சுடாத மண். அந்த அம்மா வலது தோளை ஒரு விரலால் தொட்டார்.

"இப்டித்தான் இருக்கும்." துண்டை எடுத்து மடித்தார். பிறகு, "மூட்டைய எறக்கிடு கண்ணு. போதும்" என்றார்.

கம்பியால் மூட்டையை அறுத்து எடுத்தேன். கைகளை இறக்கி முழங்காலில் வைத்தேன். மூட்டை இல்லாமல் அண்ணன் இப்போது குனிந்து நிற்கிறார், இடைவேளையில் எங்கள் வேலையில் குறை கண்டுபிடிக்க வந்தவர்போல. நானும் ஒவ்வொரு ஞாயிறும் என் மண்ணை அவர் பார்வைபடும்படிதான் வைத்துக்கொள்கிறேன்.